லண்டனில் பெர்மிட் இல்லை, பெங்களூரில் கேப்டன்! கால்பந்து வீரர் சுனில் சேத்ரி கடந்து வந்த பாதை

மைசூர்: பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு பெர்மிட், பேப்பர், சிபாரிசு என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்து அணிக்குப் பல வருடம் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரியும் அந்த வாசலில் நின்றவர்தான்.

2009-ல் லண்டனைச் சேர்ந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் மூன்று வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தது. பிரிட்டிஷ் அரசு வேலை பெர்மிட் தர மறுத்துவிட்டது. உலகத் தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் உள்ள நாட்டின் வீரருக்கே பெர்மிட் என்பது அன்றைய விதி. இந்தியா அதற்கு வெகு கீழே கிடந்தது. முந்தைய வருடம்தான் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, இந்தியாவை ஆசியக் கோப்பைக்கு அனுப்பியிருந்தார் சேத்ரி. ஆள் தேறியும் என்ன செய்ய, நாடு தேறவில்லை!

இத்தனைக்கும் 1948-லேயே லண்டன் ஒலிம்பிக்கில், பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் பிரான்சுக்கு எதிராக ஒரு கோல் போட்டிருக்கிறார். அன்று நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். 2-1 என்று தோற்றாலும் மானத்தோடு தோற்றார்கள்.

சேத்ரி 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் ராணுவத்தில் இருந்ததால், சிறு வயதிலேயே ஊர் ஊராக மாறிப் பழகியவர். கல்கத்தா மோகன் பகானில் 2002-ல் தொடங்கி, பஞ்சாபின் ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், கோவாவின் டெம்போ என்று சுற்றினார்.

2010-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி கிளப் அழைத்துக்கொண்டது. போட்டிப் பந்தயம் என்று அவர் அங்கே ஆடியது ஒன்றே ஒன்று. மான்செஸ்டர் யுனைடெட்டை அந்த கிளப் 2-1 என்று வென்ற நட்புப் பந்தயத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். மற்ற நாட்களில் பெஞ்சுதான்.

2012-ல் போர்ச்சுகல். கிறிஸ்டியானோ ரொனால்டோ வளர்ந்த ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கிளப்பின் இரண்டாவது அணியில் இடம் கிடைத்தது. மூன்று பந்தயங்கள் ஆடியதோடு சரி. 2013 தொடக்கத்தில் கோவாவுக்குத் திரும்பி சர்ச்சில் பிரதர்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த சீசனிலேயே அந்த அணி தேசிய சாம்பியன்! சீமையில் பெஞ்சுக்கு லாயக்கு என்றிருந்தவர் இங்கே வெற்றிக் கோப்பை தூக்கினார்.

கண்டீரவாவில் ஒரு ராத்திரி

அதே 2013-ல் புதிதாகத் தொடங்கிய பெங்களூர் எப்.சி. அவரைக் கேப்டனாக்கியது. முதல் வருடமே சாம்பியன் பட்டம்.

2016 அக்டோபர் 19-ந் தேதியைக் கண்டீரவா மைதானத்தில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஏ.எப்.சி. கோப்பை அரை இறுதி. எதிரே முந்தைய வருடத்துச் சாம்பியன், மலேசியாவின் ஜோகூர் அணி. அவர்கள் ஊரில் 1-1 என்று முடிந்திருந்தது. இங்கேயும் முதல் கோல் ஜோகூருக்கே. இடைவேளைக்குச் சற்று முன் சேத்ரி தலையால் முட்டிச் சமன் செய்தார். பிற்பாதியில் அவர் தூரத்திலிருந்து உதைத்த பந்து நேராக வலைக்குள் போய் விழுந்தது. முடிவு 3-1. அதுவரை எந்த இந்திய கிளப்பும் அந்த இறுதிப் பந்தயத்துக்குப் போனதில்லை. தோஹாவில் நடந்த இறுதியில் ஈராக் விமானப்படை அணியிடம் ஒரே கோலில் தோற்றது வேறு விஷயம்.

2018-ல் பம்பாயில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது, பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மூன்று கோல் போட்ட சேத்ரி, "திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள்" என்ற பொருளில் ஜனங்களிடம் வேண்டிக்கொண்டார். அடுத்து கென்யாவோடு நடந்தது அவருடைய 100-வது சர்வதேசப் பந்தயம். மைதானம் நிரம்பி வழிந்தது. அன்றும் இரண்டு கோல் போட்டார்.

2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தாவில் குவைத்துடன் ஆடி, 94 கோல்களோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். கோல் போட ஆள் இல்லாமல் போகவே, 2025-ல் 40 வயதில் மீண்டும் கூப்பிட்டார்கள். மார்ச் 19-ந் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோல். அதுவும் தலையால் முட்டியதுதான்.