வரிசையைக் கணினிக்குள் நிறுத்திப் பார்த்தால்

காலை ஏழு மணிக்கே ஓ.பி. சீட்டு வாங்கிய பாட்டி, பத்தரை வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்கள் போதவில்லை என்றுதான் நமக்கு உடனே தோன்றும். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் வரிசைக்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் போதும், அடுத்தவருக்குப் பன்னிரண்டு ஆகிவிடும். அரை மணி நேரம் யாருமே வராமல், ஒரே பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்குவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தின் வலிமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரே டாக்டர், ஆளுக்குச் சராசரியாக 5 நிமிடம், வருகையும் பார்க்கும் நேரமும் தாறுமாறாக மாறுகின்றன. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, டாக்டரின் நேரம் 80 சதவீதம் நிரம்பினால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதத்தில் 45. 95 சதவீதத்தில் 95 நிமிடம்!

நிஜ மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து என்று வரிசைக்குள் வரிசை. சூத்திரம் திணறும் அந்த இடத்தில் சிமுலேஷன், அதாவது கணினிக்குள் நடத்திப் பார்க்கும் ஒத்திகை, கைகொடுக்கிறது. 9.02க்கு ஒருவர் வருகிறார், டாக்டர் அறை காலி, உள்ளே போகிறார். எத்தனை நிமிடம் ஆகும்? உண்மையில் அளந்து வைத்த நேரங்களிலிருந்து கணினி குலுக்கல் முறையில் ஒன்றை எடுக்கிறது: ஏழு. உடனே அதன் கடிகாரம் அடுத்த நிகழ்வுக்குத் தாவுகிறது. இப்படி ஆயிரம் நாட்களை ஓட்டிப் பார்க்கலாம். இன்னொரு டாக்டரைப் போடுவதா, ஆய்வகத்துக்கு ஓர் ஆளா என்பதை, ஒரு நோயாளியையும் அலைக்கழிக்காமல் சோதித்துவிடலாம்.

கணினி பரவாத காலத்திலேயே இதற்கு வழிகாட்டியவர் நார்மன் பெய்லி. இங்கிலாந்தின் புறநோயாளிப் பிரிவுகளை ஆராய்ந்து, 1952இல் அவர் ஒரு யோசனை சொன்னார்: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவராக அழையுங்கள். டாக்டரும் அதிகம் சும்மா இருக்கமாட்டார், நோயாளிகளும் நெடுநேரம் காத்திருக்க வேண்டாம்.

அளந்த நேரங்கள் தவறானால் ஆயிரம் நாள் ஓட்டமும் வீண். அதனால் வேலை தொடங்குவது டாக்டர் அறை வாசலில், கடிகாரமும் நோட்டுமாக நிற்பவரிடம். இன்னொன்றையும் கணினி சொல்லாது: டாக்டரின் ஒரு நிமிடம் நோயாளியின் எத்தனை நிமிடத்துக்குச் சமம்? பெய்லியும் எடைபோட்ட கேள்வி அது. விடை சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகிகள். சொல்லும்போது அந்தப் பெஞ்சையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.