பெரிய மிருகத்துக்கு எந்தத் துப்பாக்கி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஏ.டி.எம்-மில் பணம் நிரப்ப வேன் வந்து நின்றால், முதலில் இறங்குபவர் காவலர்தான். தோளில் நீளமாக ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. டீக்கடையில் நிற்பவர்கள் ஒரு தடவையாவது அதைத் திரும்பிப் பார்ப்பார்கள். 'இதை வெச்சு புலியைச் சுட முடியுமா?' என்று கேட்கவும் ஒரு பையன் இருப்பான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் துப்பாக்கி அதற்காகப் பிறந்தது இல்லை.

காவலரின் தோளில் பெரும்பாலும் இருப்பது '12 போர்'. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகப் பிடித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுதான் குழலின் அளவு. பெயரும் அதனால்தான் வந்தது. குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். சுட்டால் ரவைகள் சிதறிப் பறக்கும். பறக்கிற காடைக்கும் ஓடுகிற முயலுக்கும் அது சரி. தடித்த தோல், அதற்குக் கீழே சதை, அதற்கும் கீழே எலும்பு என்று நிற்கிற மிருகத்துக்குச் சிதறல் ரவை பயன்படாது. அதற்கு ரைஃபிள் வேண்டும். ரைஃபிளின் குழலுக்குள் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஒற்றைத் தோட்டா அதில் உரசிக்கொண்டு பம்பரம்போலச் சுழன்றபடி வெளியே வரும். சுழல்வதால் தடுமாறாமல் நேராகப் போகும்.

சரி, எந்த ரைஃபிள்? வேட்டை நடந்த காலத்தில் இது சட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மாதிரியான விஷயமாக இருக்கவில்லை. தவறான துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர் பல நேரம் தப்பித்துவிடுவார். மாட்டிக்கொள்வது அந்தக் காட்டை ஒட்டிய கிராமம்.

சம்பாவத் பெண்புலியின் கதையே இதற்குச் சாட்சி. நேபாளத்திலும் குமாவுன் மலைக் கிராமங்களிலும் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் புலி அது. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திய பிறகு வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்களில் மேல் பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப் பல் எலும்புவரை போயிருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் காயம். மானைப் பிடித்துக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் எழுதினார். அன்றைக்குச் சுட்டவர் யார், என்ன துப்பாக்கி என்பது யாருக்கும் தெரியாது. புலியைச் சாகடிக்காமல் பல்லை மட்டும் உடைத்துவிட்டு அனுப்பிய ஒரு குண்டு. அதற்கான விலையைப் பல வருடங்கள் கொடுத்தவர்கள், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்கள்.

கார்பெட்டே அன்று துப்பாக்கி விஷயத்தில் திண்டாடினார். தன்னுடைய .500 ரைஃபிளுக்கு அவர் எடுத்துப்போனது மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது. ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த துப்பாக்கி. மிக அருகிலிருந்து வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டது பாதத்தில். முந்தைய காயங்களே புலியை முடித்திருந்ததால் அவர் பிழைத்தார்.

அந்த வேட்டைக்குப் பரிசாக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு புதுத் துப்பாக்கி கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைஃபிள். எடை குறைவு, உதைப்பும் குறைவு. மலையேறி நாள் முழுக்கச் சுமந்து திரிய ஏற்றது. 1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையின் கதை முடிந்ததும் அதனால்தான். கார்பெட்டிடம் கனத்த .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. நெருக்கத்தில் பாய்கிற புலியை அந்த இடத்திலேயே நிறுத்த அது. தூக்கிக்கொண்டு மலை ஏற இது. ஒரே துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஆகாது என்று அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

அதே .275 அளவுத் தோட்டாவை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளைக் கொண்டாட எதுவுமில்லை. ஆனால், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத தோட்டாவுக்கு யானை எப்படி விழுந்தது என்பது கவனிக்க வேண்டியது. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே சுட வேண்டும் என்று படித்துவைத்திருந்தார். எல்லோரும் பெல் ஆகிவிட முடியாது. அதனால்தான் வேட்டைக்கு அனுமதி தருகிற பல ஆப்பிரிக்க நாடுகள் இன்றைக்கு யானை, காட்டெருமைக்கு .375-க்குக் குறைந்த ரைஃபிளை எடுத்துவரக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன.

'அப்படியானால் பெரிய துப்பாக்கியே வாங்கிவிட்டால் போச்சு' என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்கினார்கள். பெரிய தோட்டா, பெரிய உதைப்பு. தோளில் இடி விழும் என்ற பயத்தில் விசையை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும், கை சுண்டும். குண்டு இதயத்துக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும். வயிற்றில் குண்டு வாங்கிய புலி புதருக்குள் நுழைந்துவிடும். அடுத்த நாள் அந்தப் பக்கம் மாடு மேய்க்கப் போகிறவரின் நிலைமை என்ன? கட்டை தோளில் படிகிறதா, தூக்கியதும் கண்ணும் குறிமுள்ளும் தானாக நேர்கோட்டில் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. கருவி கைக்குப் படிய வேண்டும் என்ற கவலை திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. உள்ளங்கையில் அடங்கும்படி செதுக்கியிருக்கிறார்கள்!

நம் பக்கத்துக் காடுகளில் பேர்பெற்ற துப்பாக்கி என்றால், கென்னத் ஆண்டர்சனுடையது. பெங்களூருக்காரர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். விசைக்குக் கீழே இருக்கிற நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைஃபிள்களின் கம்பீரம் அதற்கு இல்லை. ஆனால், அடர்ந்த மூங்கில் காட்டில் கிட்டத்தில் நடக்கிற சங்கதிக்கு அடி பலமானது. அவர் கடைசிவரை அதையே நம்பினார்.

அந்தக் காலம் 1972-ல் முடிந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சம் இருந்த உரிம வேட்டையும் 1991 திருத்தத்தோடு போனது. துப்பாக்கி உரிமம் இன்றும் கிடைக்கும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்குப் பிறகே அனுமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கடையில் ரைஃபிள் கேட்டால் பல காலமாகக் கிடைப்பது ஈஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315. ராணுவத் தோட்டா போடக்கூடிய .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற பிரிட்டிஷ்காரர்களின் பயத்தில் பிறந்த அளவு அது. உரிமம் இருக்கிறது என்பதற்காக ஒரு மானைக்கூட அதனால் சுட முடியாது.

ஆட்கொல்லி வந்தால்? இப்போதும் துப்பாக்கி தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. தோட்டாவுக்குப் பதில் ஊசி. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர், பிடிக்கவே முடியாது என்று திருப்தியடைந்தால் மட்டுமே கொல்ல உத்தரவிடலாம். 2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலி வனத்துறையை 21 நாள் அலைக்கழித்தது. உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கடைசியில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

ஊசித் துப்பாக்கிக்கும் கார்பெட் காலத்துக் கணக்குதான். தூரத்தைப் பார்த்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அழுத்தம் அதிகமானால் ஊசி எலும்பையே உடைக்கும். குறைந்தால் வழியிலேயே விழும். பட வேண்டிய இடம் தொடை அல்லது தோள்பட்டையின் தடித்த சதை. மிருகத்தின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்தைக் கணக்கிட வேண்டும். ஊசி பட்டதும் சினிமாவில் வருவதுபோல அது பொத்தென்று விழாது. மருந்து ஏறப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் அது புதருக்குள் போய்விட்டால், இருட்டில் அரைமயக்கப் புலியைத் தேடிப் போவது வேட்டையைவிடக் குறைந்த ஆபத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டி-23-க்கு முதல் நாள் இரவே ஊசி பட்டது, பிடிபட்டது மறுநாள்தான்.

சம்பாவத் புலியின் உடைந்த பல் இன்னும் பழங்கதை ஆகவில்லை. கோவைப் பக்கம் காட்டுப்பன்றிக்காக வைக்கிற 'அவுட்டுக்காய்' என்ற நாட்டு வெடியைக் கடித்து யானைகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. 2020-ல் பாலக்காடு பக்கம் கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிரை விட்டதும் இப்படி வெடித்த வாயோடுதான்.

பன்றியால் வேர்க்கடலையும் கரும்பும் போன விவசாயியின் கோபமும் பொய்யில்லை. அதற்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழித்தால் சுடலாம். ஆனால், சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர். துப்பாக்கியும் அவர்களுடையது. விவசாயி செய்ய வேண்டியது வனத்துறையிடம் புகார் கொடுப்பது.