சிலேட்டுக் கணினியில் ஒரு படத்தொகுப்பு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பூக்கடைகளையும் கோயில் கோபுரத்தையும் இன்று படமெடுக்காதவர் அரிது. ஆனால் கலைநோக்குடன் எடுத்த படங்களைத் தொகுத்து, ‘டேப்லட்’ எனப்படும் சிலேட்டு அளவுக் கணினியில் பார்க்கும் செயலியாக வெளியிடுவது வேறு வேலை. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

படத்தொகுப்பு விற்பது புதிய தொழிலன்று. 1867இல் லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் சிங்கப்பூர் ஹை ஸ்ட்ரீட்டில் படப்பிடிப்பு நிலையம் திறந்தார். ஏறக்குறைய 1910 வரை நடந்த அந்த நிலையம் துறைமுகத்தையும் தெருக்களையும் பல இன மக்களையும் படமெடுத்து ஆல்பங்களாக விற்றது. தமிழரும் அவற்றில் உண்டு. ஆனால் பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்குமே தவிர ஆளின் பெயர் இராது. யார் வீட்டுப் பாட்டனோ!

செயலிக்கு முதல் வேலை கழிப்பது. இருநூறு படம் எடுத்தவர் இருபதை வைத்துக்கொண்டாலே போதும். அடுத்தது ஒளி. காகிதப் படம் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. திரையோ உள்ளிருந்து ஒளிர்கிறது. ஆகவே கறுப்பும் நிறமும் இரண்டிலும் ஒன்றாகத் தெரியா. திரைக்கென்று தனியே திருத்த வேண்டும். அளவும் முக்கியம். 2010இல் வந்த முதல் ஐபேட் திரையில் 1024க்கு 768 புள்ளிகள். 2012இல் அது 2048க்கு 1536 ஆனது. பழைய அளவில் தயாரித்த படங்கள் புதிய திரையில் மங்கின.

பிறகு கணிநிரல் எழுதுபவர் படங்களைப் பக்கம் பக்கமாகக் கோர்த்துத் தருவார். ஆப்பிள் நிறுவனம் அதைச் சோதித்த பிறகே தன் கடையில் வைக்கும். ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டணம். கட்டாவிட்டால் செயலி கடையிலிருந்து எடுக்கப்படும். விற்பனையில் நூற்றுக்கு 30 கழிவு. சிறு வருமானக்காரர்களுக்கு 2021 முதல் 15 என்று ஒரு திட்டம் உண்டு.

இவ்வளவு பாடுபட்டும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2017இல் ஆப்பிள் தன் இயக்க மென்பொருளை மாற்றியபோது, பழைய முறையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாத செயலிகள் புதிய மென்பொருளில் திறக்கவேயில்லை. லாம்பர்ட்டின் காகிதப் படங்களோ நூறாண்டு தாண்டியும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. செயலியைக் கடைவீதியாக நினைக்கலாம்; பெட்டகமாக நினைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

உங்கள் பிள்ளை தோட்டத்து லயங்களையும் பால்மரம் சீவுகிறவர்களையும் படமெடுத்து இப்படி வெளியிட விரும்பினால் தடுக்காதீர்கள். படத்திலுள்ளவரின் சம்மதத்தை முதலில் கேட்கச் சொல்லுங்கள். மூலப் படங்களை இரண்டு சேமிப்புக் கருவிகளில் ஏற்றி, இரண்டு வீடுகளில் வைக்கட்டும். முக்கியமானவற்றைக் காகிதத்திலும் அச்சிடட்டும். ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் பின்புறத்தில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதினால் போதும்.