பனிக்கட்டியைக் காக்கும் வெந்நீர்

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் இருக்கிறது சேனா வெந்நீர் ஊற்று. தங்கம் தேடி வந்தவர்கள் 1905இல் கண்டது. மூட்டுவலிக்காரர்கள் முங்கிக் குளிக்க வந்த அந்த ஊற்றுதான் இன்று விளக்கு எரிக்கிறது, அறைகளைச் சூடாக்குகிறது, கோடையில் பனிக்கட்டியையும் உருகாமல் காக்கிறது.

நீரின் சூடோ வெறும் 74 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் தேயிலைகூடச் சரியாக இறங்காது. டர்பைனைச் சுழற்ற நீராவிக்கு எங்கே போவது? அதனால் நீரைக் கொதிக்க வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். ஏசியில் ஓடும் ஆர்-134ஏ என்ற திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெந்நீர்க் குழாயை ஒட்டி அதை ஓடவிட்டால் ஆவியாகிச் சீறுகிறது, டர்பைன் சுழல்கிறது. பிறகு குளிர்ந்த நீர் பட்டு அந்த ஆவி மறுபடி திரவமாகிறது. ஏசி மின்சாரத்தைத் தின்று வெப்பத்தை இடம் மாற்றும். இங்கே வெப்பம் இடம் மாறுகிறது, மின்சாரம் பிறக்கிறது. நீர் தரும் வெப்பத்தில் நூற்றில் எட்டுப் பங்குதான் மின்சாரமாகிறது. ஆனால் ஊற்றுக்கு எரிபொருள் செலவு இல்லையே! 2006இல் இந்த மின்நிலையம் ஓடத் தொடங்கும் வரை அங்கே டீசல் ஜெனரேட்டர்தான் கதி.

சூடாக்குவதில் சூட்சுமம் ஏதுமில்லை. குழாயில் வெந்நீர் ஓடினால் போதும். வெளியே மைனஸ் 40 டிகிரி இருக்கும்போதும் பசுமைக் குடிலுக்குள் தக்காளி காய்க்கிறது. வேலை முடிந்த நீரை நிலத்துக்குள்ளேயே திருப்பிச் செலுத்துகிறார்கள். எடுத்துக்கொண்டே இருந்தால் ஊற்று வற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது குளிரூட்டும் வேலைதான். அங்கே முதலில் கட்டிய பனிக்கட்டி மாளிகை கோடையில் உருகிப்போனது. அடுத்துக் கட்டியதற்கு வெந்நீரையே காவல் வைத்தார்கள். அந்தக் குளிரூட்டும் பொறியில் ஓடுவது அம்மோனியா. அது தண்ணீரில் ஆசையாகக் கரையும். சூடாக்கினால் பிரிந்து வெளியேறும். பிரிந்த வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, அழுத்தம் குறைந்த இடத்தில் விட்டால் சட்டென ஆவியாகும். கசியும் நீர் ஆவியாகி மண்பானையைக் குளிர வைப்பதுபோல, அம்மோனியாவும் சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பிறகு தண்ணீரில் மறுபடி கரைகிறது. கம்ப்ரெஸர் செய்யவேண்டிய வேலையை இங்கே வெந்நீரின் சூடு செய்கிறது. மின்சாரம் சின்னப் பம்புகளுக்கு மட்டும்தான். ஜூலை வெயிலில் வருகிறவர்களும் கனத்த கோட்டு மாட்டிக்கொண்டுதான் அந்த மாளிகைக்குள் நுழைகிறார்கள்.