ஆங்கிலச் சொற்களின் முன்னொட்டுக்கள்

நெடுஞ்சாலையில் செல்லும் பெட்ரோல் லாரியின் பின்புறத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்னும் சொல் பெரிய எழுத்துக்களில் காணப்படும். 'கரெக்ட்' என்றால் சரி. 'இன்கரெக்ட்' என்றால் சரியன்று. அம்முறையே கொண்டு, இதுவும் தீப்பற்றாத பொருள் போலும் என்று ஒருவர் கருதி அருகில் நின்று பீடி பற்றவைப்பாராயின், விளைவு யாதாகும்?

இலத்தீன் மொழியினின்று ஆங்கிலத்திற்கு வந்த 'இன்' என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை, மற்றொன்று 'உள்ளே' என்னும் பொருளுடையது. 'இன்ஃப்ளேமபிள்' என்பது தீ மூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. ஆகவே 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்பதே அதன் பொருள். இம்மயக்கத்தை அஞ்சியே அமெரிக்கத் தீத்தடுப்புத் துறையினர் 20-ஆம் நூற்றாண்டில் 'ஃப்ளேமபிள்' என்னும் சொல்லைப் பரப்பினர். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாததோ 'நான்ஃப்ளேமபிள்' எனப்படும். அவ்வாறே, 'இன்ஹேபிடட்' என்பது மக்கள் வாழும் இடம். வாழாத இடம் 'அன்இன்ஹேபிடட்'.

நமக்கு இவ்விடர் நேர்வதற்குக் காரணம் உண்டு. 'அறியாத', 'பயனற்ற', 'நிகரில்லாத' எனத் தமிழ் மறுப்பைச் சொல்லின் இறுதியில் வைக்கிறது. 'அநீதி', 'அசுத்தம்' போன்ற வடசொற்களிலேயே அது முன்னால் நிற்கக் காண்கிறோம். எனினும், எதிர்மறை 'இன்' அடுத்து வரும் ஒலிக்கேற்பத் திரிந்து 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்றாவது நமக்குப் புதிதன்று. 'மரம்' என்பதுடன் 'கள்' சேர 'மரங்கள்' ஆகும் புணர்ச்சியை நாம் அறிவோம் அல்லவா?

முன்னொட்டு மாறினால் மனிதரின் மதிப்பும் மாறும். 'அன்இன்ட்ரஸ்டட்' என்பவர் அக்கறையில்லாதவர். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பவரோ, செம்மையான வழக்கில், தமக்கென ஆதாயம் கருதாதவர். மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், 'டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸ்' என்பதை 'அக்கறையற்ற சாட்சி' என்று நாம் எழுதிவிட்டோம். மூத்த அதிகாரி அதனை அடித்து, 'நடுநிலைச் சாட்சி' என்று திருத்தினார். நேர்மையாளர் ஒருவரைப் பொறுப்பற்றவராக்க இருந்தோமே என்று அன்று நாணினோம்.

இன்னொன்றும் கூறி முடிப்போம். 'மீண்டும்' என்று பொருள்படும் 'ரீ' என்பதைச் சிறு கோடிட்டு, 'சைன்' என்பதுடன் சேர்த்தெழுதினால் மறுபடி கையெழுத்திடுதல் என்றாகும். கோடின்றி எழுதினாலோ 'ரிஸைன்', அதாவது வேலையைத் துறத்தல். எழுத்துக்கள் அவையே, ஒலிப்பும் பொருளும் வேறு. ஊர் விட்டு வந்து ஒப்பந்தத்தின்பேரில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவருக்கு அச்சிறு கோடு பிழைப்பையே தாங்கி நிற்பதாகும். ஆதலின், அலுவலகக் கடிதத்தில் முன்னொட்டுள்ள சொல் ஐயம் தருமாயின், ஊகத்தால் பொருள் கொள்ளற்க. அகராதியைப் பார்த்து, அறிந்தவரையும் வினவித் தெளிந்த பின்னரே கையெழுத்திடுக.