பாரவண்டி பெயர் கொடுத்த சுருட்டு

அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் சுருட்டை 'ஸ்டோகி' என்பார்கள். இன்று எந்தச் சுருட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். 19ஆம் நூற்றாண்டிலோ, மெலிந்து நீண்ட மலிவுச் சுருட்டுக்கு மட்டுமே அது பெயர். அதைத் தந்தது ஒரு பாரவண்டி.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் கானஸ்டோகா என்ற ஆறு ஓடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் செய்த பாரவண்டிக்கும் அதே பெயர். அதன் அடித்தளம் நடுவில் தாழ்ந்து, முன்னும் பின்னும் படகுபோல் மேலேறும். மலைச்சாலையில் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் பீப்பாய்களும் மூட்டைகளும் நடுப்பக்கமே ஒதுங்கும். பின்பலகையை முட்டித் தள்ளாது. உடலுக்கு நீல வண்ணம், சக்கரங்களுக்குச் சிவப்பு, மேலே வெள்ளைக் கித்தான் கூண்டு. அச்சுக்குப் போடும் கீல் ஒரு வாளியில் பின்னால் தொங்கும். ஆறு குதிரைகள் பூட்டினால் ஐந்து டன் சுமை வரை இழுக்கும்.

இவ்வளவு பெரிய வண்டியில் ஓட்டுபவருக்கு முன்னிருக்கை கிடையாது. இடப்பக்கக் குதிரைமேல் ஏறி வருவார்; இல்லையேல் கூடவே நடப்பார். கால் கடுத்தால், இடப்புறம் வெளியே இழுத்துக்கொள்ளும் ஒரு பலகையில் சற்று உட்காரலாம். 'சோம்பேறிப் பலகை' என்று அதற்குப் பெயர். பிலடெல்பியாவில் சரக்கேற்றி, அலெகெனி மலைகளைத் தாண்டிப் பிட்ஸ்பர்க் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும்.

அந்த நெடுவழிக்கு ஏற்றது, விலை குறைந்த, நெடுநேரம் எரியும் கைச்சுருட்டு. வண்டிக்காரர்கள் பிடித்ததால் அது கானஸ்டோகா சுருட்டாகி, பிறகு 'ஸ்டோகா', 'ஸ்டோகி' என்று தேய்ந்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். முரட்டுத் தோல் காலணிக்கும் அந்நாளில் 'ஸ்டோகா' என்றே பெயர் இருந்தது இதற்கு வலுச் சேர்க்கிறது. சுருட்டையும் காலணியையும் இணைப்பது அந்த வண்டிப்பாதைதான்.

1818இல் 'தேசியச் சாலை' என்ற நெடுஞ்சாலை ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள வீலிங் நகரை எட்டியது. 1840இல் மிஃப்ளின் மார்ஷ் என்பவர் அங்கே சுருட்டுத் தொழில் தொடங்கினார். வண்டிக்காரர்களும் நீராவிப் படகுப் பயணிகளும் வாங்கினார்கள். பிட்ஸ்பர்க்கிலும் தொழில் பெருகியது. ரயில் வந்ததும் பாரவண்டிகள் ஓய்ந்தன. பெயர் மட்டும் சுருட்டோடு தங்கிவிட்டது.

கானஸ்டோகா என்பது ஒரு மக்களின் பெயரும்கூட. சஸ்குவஹானக் பழங்குடியினரில் எஞ்சி, கானஸ்டோகா ஊரில் வாழ்ந்தவர்களை அப்படி அழைத்தார்கள். 1763 டிசம்பர் 14 அன்று, பாக்ஸ்டன் கும்பல் எனப்பட்ட எல்லைப்புறக் குடியேறிகள் அவர்களில் 6 பேரை ஊரிலேயே கொன்றார்கள். எஞ்சியவர்களில் 14 பேரை அதிகாரிகள் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் நகரில் ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். டிசம்பர் 27 அன்று கும்பல் அங்கும் புகுந்து, குழந்தைகளைக்கூட விடாமல் அனைவரையும் வெட்டிக் கொன்றது.

ஸ்டோகியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வண்டியோடு முடித்துவிடுகிறார்கள். வண்டி செய்தவர்களின் திறமையும், ஓட்டியவர்களின் உழைப்பும், அந்தப் பெயருக்கு உரியவர்களுக்கு நேர்ந்த கொடுமையும் சேர்ந்ததே அந்தச் சொல்லின் வரலாறு. மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.