கடனில் பங்கு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஜொகூர் பாருவில் பொழுது விடியும் முன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஏராளம். அவர்களில் சிலர் ஓய்வு நேரத்தில் கைப்பேசி வழியே பங்கு வாங்கி, அன்றே விற்று இலாபம் காண முயல்கின்றனர். இதற்கு நாள் வணிகம் என்று பெயர். "எவ்வளவு பணம் இருந்தால் தொடங்கலாம்?" என்பதே இவர்களின் முதல் கேள்வி. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "விலை எவ்வளவு இறங்கினால் தரகர் என் பங்குகளை விற்றுவிடுவார்?"

அமெரிக்காவில் 2001-இல் ஒரு விதி வந்தது. கடன் கணக்கு வைத்து, ஐந்து வேலை நாள்களில் நான்கு முறையோ அதற்கு மேலோ நாள் வணிகம் செய்பவர், கணக்கில் குறைந்தது 25,000 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றது அது. இதை மாற்றியமைக்க ஃபின்ரா அமைப்பின் நிர்வாக வாரியம் 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

மலேசியாவில் அப்படி ஒரு பொதுத் தொகை கிடையாது. 100 பங்குகள் கொண்ட ஒரு லாட் வாங்கப் பணமிருந்தால் சந்தையில் இறங்கலாம். வாங்கிய பங்குக்கு இரண்டு சந்தை நாள்களில் பணம் கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரை இது மூன்று நாளாக இருந்தது. கெடுவுக்குள் விற்று வித்தியாசத்தை மட்டும் தீர்ப்பது கோண்ட்ரா. தரகரிடம் கடன் பெற்று வாங்குவது மார்ஜின்.

மார்ஜின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒருவரின் சொந்தப் பணம் 10,000 வெள்ளி. தரகர் தரும் கடன் 20,000 வெள்ளி. மொத்தம் 30,000 வெள்ளிக்குப் பங்கு வாங்குகிறார். பங்கின் மதிப்பு இப்போது கடனில் 150 விழுக்காடு. அது 26,000 வெள்ளிக்கு இறங்கினால் 130 விழுக்காடாகிறது. பங்கு விலை இறங்கியதோ சுமார் 13 விழுக்காடுதான். ஆனால் சொந்தப் பணத்தில் 40 விழுக்காடு போய்விட்டது! மதிப்பு 20,000 வெள்ளியைத் தொட்டால் கைமுதல் முழுவதும் காலி. அதற்கும் கீழே போனால் மிஞ்சுவது கடன்தான்.

13 விழுக்காடு இறங்குமா என்று கேட்கலாம். 2019 இறுதியில் 1,588 புள்ளிகளில் இருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு, கோவிட் அச்சத்தில் 2020 மார்ச் 19-இல் 1,219 புள்ளிகளுக்குச் சரிந்தது. மூன்றே மாதத்தில் சுமார் 23 விழுக்காடு! அந்த மார்ச்சில், 130 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் தளர்த்தப்பட்டு, முடிவு தரகரிடம் விடப்பட்டது. ஆகவே எப்போது விற்பார் என்பதை அவரவர் ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

கடன் வணிகத்தின் கேடு தனிமனிதரோடு நிற்பதில்லை என்பதைப் பாலத்தின் இருகரையும் 1985-இல் கண்டன. பிற்பாடு பணம் தருவதாகச் சொல்லிப் பங்கு வாங்கும் முன்பேர ஒப்பந்தங்களில் சிக்கி, சிங்கப்பூரின் பேன் எலெக்ட்ரிக் நிறுவனம் வீழ்ந்தது. டிசம்பர் 2 முதல் மூன்று நாள் சிங்கப்பூர், கோலாலம்பூர் இரு சந்தைகளும் மூடப்பட்டன.

கடன் இல்லாவிட்டாலும் நாள் வணிகம் எளிதன்று. இந்தியாவின் செபி அமைப்பு 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் நாள் வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நட்டமே.

எனவே கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டறிவது நல்லது. எந்த விழுக்காட்டில் கூடுதல் பணம் கேட்பார்கள்? அதைக் கட்ட எத்தனை நாள் அவகாசம்? எந்த அளவில் கேட்காமலே விற்பார்கள்? தரகருக்கு உரிமம் உண்டா என்பதையும், மலேசிய பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அவர் பெயர் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கிய பணம் இந்தக் கணக்கில் சேரவே கூடாது.